திறந்த கோப்புகளும் அவற்றின் எல்லையும்

கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாளை ஆசிரியர்கள் நன்கறிவர். 2024ஆம் ஆண்டு மே 8ஆம் நாளும், 2025ஆம் ஆண்டு மே 9ஆம் நாளும் பிற்பகல் மூன்று மணியளவில் திருவனந்தபுரத்தில் கல்வியமைச்சர் முடிவுகளை அறிவித்தார். நான்கு மணி முதல் இணையத்தளங்களில் அவை கிடைத்தன. இரண்டு ஆண்டுகளிலும் தேர்வெழுதியோர் தொகை நான்கு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்டது. எலப்புள்ளியிலும் கொழிஞ்சாம்பாறையிலும், தெற்கே மூணாறு, மறையூர் மலைகளிலும் உள்ள பெற்றோர் அந்த ஒரு மணி நேரத்தில் கைப்பேசியையோ, அட்சயா நிலையத்தின் கணிப்பொறியையோ நாடுவர். நெல் கொள்முதலுக்கு உழவர் பதிவு செய்துகொள்ளும் பருவத்திலும் இதே நெரிசல், சற்றுக் குறைந்த அளவில், ஏற்படுகிறது.

இத்தகைய நெரிசலில் ஒரு சர்வர் பதில் கூறாமல் நின்றுவிடுமாயின், அதன் ஆற்றல் போதவில்லை என்றே எவரும் முதலில் எண்ணுவர். பல சமயங்களில் அவ்வாறன்று. கணக்கிடும் பகுதி ஓய்ந்திருக்கும், நினைவகத்தில் பாதிக்கு மேல் காலியாயிருக்கும், வட்டிலும் இடமிருக்கும். இருந்தும் புதிதாக வருவோரை உள்ளே விடாமல் தடுப்பது ஓர் எண். பெரும்பாலான லினக்ஸ் கணிப்பொறிகளில் அவ்வெண் 1,024. அது யாது, ஏன் வைக்கப்பட்டது, எப்போது அதனை உயர்த்தலாம், எப்போது உயர்த்தலாகாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். (சர்வர் என்பதற்கு வழங்கி என்னும் சொல் வழக்கில் உண்டு. ஆயினும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் சர்வர் என்று சொன்னாலன்றி எவருக்கும் விளங்குவதில்லை ஆகையால், அதனையே இங்கு மேற்கொண்டுள்ளேன்.)

கோப்பு என்பது யாது?

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அம்முறைமையின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று யாதெனில், வட்டில் உள்ள ஆவணமாயினும், விசைப்பலகையாயினும், அச்சுப்பொறியாயினும் எல்லாவற்றையும் கோப்பு என்ற ஒரே வடிவில் நிரல்களுக்குக் காட்டுவது என்பதாகும். நிரல் எழுதுவோருக்கு இதனால் விளைந்த சௌகரியம் மிகப் பெரிது. 1983இல் பெர்க்லி பல்கலைக் கழகத்தார் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் வலைப்பின்னல் இணைப்புகளும் இவ்வகையிலேயே சேர்க்கப்பட்டன. அன்று முதல், தொலைவிலுள்ள ஒருவர் சர்வருடன் ஏற்படுத்திக்கொள்ளும் ஒவ்வொரு தொடர்பும் முறைமையின் பார்வையில் ஒரு திறந்த கோப்பே.

ஒரு நிரல் ஏதேனுமொரு கோப்பைத் திறக்கும்போது முறைமையின் உட்கரு அதற்கு ஓர் எண்ணை வழங்குகிறது. அலுவலகத்தின் பதிவறையை இங்கு நினைத்துக்கொள்ளலாம். எழுத்தர் ஒருவர் கோப்பைக் கேட்டால், பதிவறைப் பொறுப்பாளர் அதனைப் பேரேட்டில் குறித்துக்கொண்டு வரிசை எண்ணிட்ட சீட்டொன்றைத் தருவார்; பின்னர் அக்கோப்பைப் பற்றிய பேச்செல்லாம் அச்சீட்டின் எண்ணைக் கொண்டே நடைபெறும். கணிப்பொறியில் இவ்வெண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 'விவரிப்பான்' என்று பெயர்த்திருக்கின்றனர். அது எதனையும் விவரிப்பதில்லை ஆகையால் 'பிடி எண்' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. பிடி எண்கள் 0 முதல் தொடங்கும். முதல் மூன்றும் வழக்கமாக முன்னரே ஒதுக்கப்பட்டவை: 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச்செய்தி. புதிதாகத் திறக்கப்படும் கோப்பிற்கு, அப்போது பயனில் இல்லாத எண்களுள் மிகச் சிறியது கிடைக்கும். மூடியவுடன் அவ்வெண் மீண்டும் பிறிதொன்றுக்குப் பயன்படும்.

எல்லை ஏற்பட்ட காரணம்

சீட்டுகளுக்கு ஓர் உச்ச அளவு இருத்தல் வேண்டும். தொடக்கத்தில் இதற்குக் காரணம் நினைவகத்தின் சிறுமையே. 1979இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் ஒரு நிரல் ஒரே சமயத்தில் திறந்து வைக்கத்தக்க கோப்புகள் 20 மட்டுமே. டாஸ் முறைமையில் பணிபுரிந்த மூத்த அலுவலர்கள், கான்ஃபிக்.சிஸ் என்னும் கோப்பில் ஃபைல்ஸ் என்று ஒரு வரி எழுதி, அதற்கெதிரே 30 என்றோ 40 என்றோ எண்ணிட்டதை மறந்திருக்கமாட்டார்கள். அவ்வரி இல்லாவிடில் முறைமை எட்டுக் கோப்புகளை மட்டுமே அனுமதித்தது.

நினைவகம் பெருகிய பின்னரும் எல்லையை நீக்காமைக்கு வேறொரு காரணம் உண்டு. ஒரே கணிப்பொறியில் பல நிரல்கள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று பழுதுற்று, திறந்தவற்றை மூடாமல் மேலும் மேலும் திறந்துகொண்டே போகுமானால், அது தானும் கெட்டு, ஏனையவற்றையும் கெடுக்கும். எல்லையிருப்பின் பழுதுற்ற நிரல் மட்டும் தடைப்படும்.

1,024 என்னும் குறிப்பிட்ட எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. பல இணைப்புகளுள் எதில் செய்தி வந்துள்ளது என்று ஒரே முறையில் வினவுவதற்குச் செலக்ட் என்னும் பழைய முறை இருக்கிறது. அது ஒவ்வொரு பிடி எண்ணுக்கும் ஒரு கட்டம் வீதம், 1,024 கட்டங்கள் கொண்ட அட்டவணையைக் கையாளுகிறது. 1,024ஆம் எண்ணோ அதற்கு மேற்பட்டதோ வந்தால் அட்டவணைக்கு அப்பாலுள்ள நினைவகத்தில் எழுதிவிடும். விளைவு இன்னதென்று கூறவியலாது. செலக்ட் முறையைப் பின்பற்றும் பழைய நிரல்கள் இன்றும் உள்ளமையால், பொது எல்லையை 1,024க்கு மேல் தாமாகவே உயர்த்த முறைமையை அமைப்போர் துணிவதில்லை.

நெரிசல் மிகுந்த சர்வர்களுக்கு இது போதாது என்பது 1999ஆம் ஆண்டிலேயே டான் கெகல் என்பவரால் தெளிவாக எடுத்துக் கூறப்பட்டது. ஒரே கணிப்பொறி பதினாயிரம் பேருக்கு ஒருங்கே பணிசெய்ய இயலவேண்டும் என்று அவர் வைத்த வினா அத்துறையில் பெயர் பெற்றது. 2002இல் லினக்ஸ் உட்கருவில் சேர்ந்த ஈபோல் என்னும் ஏற்பாடு, அட்டவணை முழுவதையும் ஒவ்வொரு முறையும் தடவிப் பாராமல், செய்தி வந்த இணைப்புகளை மட்டும் எடுத்துக் கூறியது. 2012இல் ஒரே சர்வரில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கியதாக வாட்ஸ்அப் நிறுவனம் தெரிவித்தது. அவர்கள் கையாண்டது லினக்ஸ் அன்று, ஃப்ரீபிஎஸ்டி. எனினும் அங்கும் இத்தகைய எல்லைகளை உயர்த்தாமல் அவ்வளவை எட்டுதல் இயலாது.

ஒரு சிறு கணக்கு

எத்தனை இணைப்புகள் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் என்பதை அறிய, வருவோர் தொகை மட்டும் போதாது. ஒவ்வோர் இணைப்பும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதும் வேண்டும். ஒரு வினாடியில் வருவோர் தொகையை, ஒருவர் தங்கும் வினாடிகளால் பெருக்க, திறந்திருப்பவற்றின் சராசரித் தொகை கிடைக்கும். மாணவர்கள் கிணற்று நீர்க் கணக்கில் இதனை முன்பே செய்திருப்பர்.

தேர்வு முடிவுகளை ஒரே ஒரு சர்வர் வழங்குவதாகக் கற்பனை செய்துகொள்வோம். (உண்மையில் இப்பணி பல தளங்களுக்கும் பல கணிப்பொறிகளுக்கும் பகிரப்படுகிறது.) நான்கு லட்சத்து இருபதாயிரம் பேருள் பாதிப்பேர் முதற் பத்து நிமிடங்களில் வருவதாகக் கொண்டால், 2,10,000ஐ 600ஆல் வகுக்க, வினாடிக்கு 350 பேர். ஒவ்வொருவரும் இரண்டு வினாடி தங்கினால் திறந்திருக்கும் இணைப்புகள் 700. இது 1,024க்கு உட்பட்டதே. இடர்ப்பாடு எதுவும் தோன்றாது.

இனி, பின்னாலுள்ள தரவுத்தளம் சற்றே மந்தமாகி, ஒவ்வொரு விடைக்கும் பத்து வினாடி எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். வந்த கூட்டம் அதே 350தான், திறந்திருப்பவையோ 3,500. இன்னொன்றும் உண்டு. விடை அளித்த பின்னரும், அதே மனிதர் மீண்டும் கேட்கக்கூடும் என்று கருதி, இணைப்பைச் சிறிது நேரம் மூடாமல் வைத்திருத்தல் வழக்கம். என்ஜின்எக்ஸ் என்னும் பெயர்பெற்ற வலை சர்வர் நிரலில் இக்காத்திருப்பு நேரம், நாம் மாற்றாதவரை, 75 வினாடி. உலாவிகள் அனைத்தும் அந்நேரம் முழுவதும் தொடர்பை விடாமல் வைத்திருக்குமாயின், 350ஐ 75ஆல் பெருக்க 26,250 ஆகிறது. கூட்டம் ஒருவராலும் கூடவில்லை என்பதைக் கவனிக்கவும். ஆகையால் எல்லையை உயர்த்துவதற்கு முன் இக்காத்திருப்பு நேரத்தை ஐந்து வினாடியாகக் குறைத்துப் பார்ப்பதே அறிவுடைமை. இக்கணக்கில் அது மட்டுமே 26,250ஐ 1,750 ஆக்கிவிடும்.

சர்வர் இடையாளாக நின்று, வருவோரின் வேண்டுகோளைப் பின்னாலுள்ள வேறொரு கணிப்பொறிக்குக் கடத்துவதாயின், வேண்டுகோள் ஒன்றுக்கு இரண்டு பிடி எண்கள் செலவாகும்: வந்தவருக்கொன்று, பின்புறம் செல்வதற்கொன்று. இதனை மறந்து கணக்கிட்டு ஏமாந்தவர் பலர்.

எல்லையை எட்டியதன் அறிகுறிகள்

எல்லையை எட்டிய நிரல் புதிய இணைப்பை ஏற்க முயலும்போது உட்கரு 24ஆம் எண்ணுள்ள பிழையைத் திருப்பியனுப்பும். 'திறந்த கோப்புகள் மிகப் பல' என்பது அதன் பொருள். 23ஆம் எண்ணுள்ள பிழையும் ஏறக்குறைய இதே வாசகத்தைத் தாங்கியது. ஆனால் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. முன்னது அந்த ஒரு நிரலின் எல்லையைக் குறிக்கும்; பின்னது கணிப்பொறி முழுவதன் எல்லையைக் குறிக்கும். நடைமுறையில் காணப்படுவது பெரும்பாலும் 24ஆம் பிழையே.

வெளியிலிருப்போருக்கு இப்பிழை தெரியாது. அவர்கள் வாயிலில் ஒரு வரிசையில் நிறுத்தப்படுகின்றனர்; வரிசையும் நிரம்பிவிட்டால் அவர்களுடைய அழைப்புக்கு விடையே வராது; சிறிது நேரம் கழித்து உலாவி கைவிட்டுவிடும். ஏற்கெனவே உள்ளே இருப்போருக்குப் பக்கம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். 'எனக்கு வருகிறதே' என்று ஒருவரும், 'எனக்கு வரவேயில்லை' என்று மற்றொருவரும் ஒரே அறையிலிருந்து கூறுவது இக்கோளாற்றின் தனி அடையாளம்.

பதிவேடு எழுதுவதற்கும் ஒரு கோப்பைத் திறக்கவேண்டும் அல்லவா? எல்லையை எட்டியபின் சில நிரல்களால் அப்பதிவேட்டையும் திறக்க இயலாது போகும். ஆகவே கோளாறு நிகழ்ந்த நேரத்தைப் பற்றிய குறிப்பே இல்லாமல் போவதுண்டு.

கசிவா, நெரிசலா?

எல்லையை உயர்த்துமுன் ஆராயவேண்டியது இதுவே. இதனைச் செய்யாது விடுவதால் விளையும் கேடு மிகுதி. பிடி எண்கள் தீர்ந்துபோவதற்கு இரண்டு காரணங்கள் இருத்தல் கூடும். உண்மையாகவே மக்கள் திரண்டு வந்திருக்கலாம். அல்லது நிரல் திறந்தவற்றை மூட மறந்திருக்கலாம். இதனைக் கசிவு என்பர். முதலாவதற்கு எல்லையை உயர்த்துதல் தீர்வு. இரண்டாவதற்கு அது தீர்வன்று. ஓட்டைத் தொட்டியைப் பெரிதாக்குவதால் ஓட்டை அடைபடுவதில்லை. 1,024க்குப் பதில் 65,536 வைத்தால் இன்று மாலை நிற்கவேண்டிய சர்வர் அடுத்த மாதம் நிற்கும். அதுவும் பெரும்பாலும் எவரும் பார்த்துக்கொண்டிராத நேரத்தில்.

இரண்டையும் வேறுபடுத்துவது கடினமன்று. லினக்ஸில் புரொக் என்னும் அடைவில், இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் அதன் எண்ணைப் பெயராகக் கொண்ட உள்ளடைவு ஒன்றிருக்கும். அதனுள் எஃப்டி என்னும் இடத்தில் அந்நிரல் திறந்து வைத்திருப்பவை அனைத்தும் வரிசையாகக் காணப்படும். எல்எஸ்ஓஎஃப் என்னும் கட்டளையும் இவ்விவரங்களையே படிக்க எளிய வடிவில் தரும். மணிக்கொரு முறை இத்தொகையை எண்ணி எழுதிவரவேண்டும். கூட்டம் வரும்போது ஏறி, கூட்டம் கலைந்ததும் இறங்குமாயின் அது நெரிசல். நள்ளிரவில் ஒருவரும் இல்லாதபோதும் இறங்காமல், படிப்படியாக ஏறிக்கொண்டே போகுமாயின் அது கசிவு. வெப்பநிலையும் மழையளவும் நாள்தோறும் குறித்துவரும் களப் பணியாளருக்கு இத்தகைய குறிப்பேடு புதிதன்று.

இணைப்புகளின் நிலையைக் கொண்டும் கண்டறியலாம். குளோஸ்-வெயிட் என்னும் நிலையில் நூற்றுக்கணக்கான இணைப்புகள் நெடுநேரம் தேங்கி நிற்பின், எதிர்ப்புறத்தார் பேச்சை முடித்துக்கொண்டு போய்விட்டனர், நம் நிரல்தான் இன்னும் சீட்டைத் திருப்பித் தரவில்லை என்று பொருள். அது நிரலாசிரியரின் பிழை. டைம்-வெயிட் என்னும் நிலையில் ஆயிரக்கணக்கில் இருப்பதைக் கண்டு சிலர் கலங்குவர். அவை பிடி எண்ணைக் கொள்வதில்லை ஆதலால் நம் கணக்கில் சேரா.

உயர்த்தும் முறை

மலம்புழை அணையில் 1955 முதல் இடக்கரை, வலக்கரை வாய்க்கால்கள் இரண்டு பாய்கின்றன. தலைமதகை எவ்வளவு உயர்த்தினாலும், கிளை வாய்க்கால் குறுகியிருந்தால் கடைமடைக்குப் போகும் நீர் கிளை வாய்க்காலின் அளவே. கிளை அகன்றிருந்தும் வயலின் மடை சிறிதானால் மடையின் அளவே. கணிப்பொறியிலும் எல்லைகள் இவ்வாறு அடுக்கடுக்காக உள்ளன; எது மிகச் சிறிதோ அதுவே ஆளும்.

முதலாவது கணிப்பொறி முழுவதற்குமான எல்லை. இதற்கு ஃபைல்-மேக்ஸ் என்று பெயர். திறந்த கோப்பொன்றும் அதனைச் சார்ந்த குறிப்புகளும் ஏறத்தாழ ஒரு கிலோபைட் இடம் கொள்ளும் என்று உட்கரு மதிப்பிட்டு, நினைவகத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாதவாறு இவ்வெண்ணைத் தானே அமைத்துக்கொள்ளும். 8 ஜிகாபைட் நினைவகமுள்ள கணிப்பொறியில் இது சுமார் எட்டு லட்சமாகும். 2018 டிசம்பரில் வெளியான சிஸ்டம்டி 240ஆம் பதிப்பு முதல் இவ்வெல்லை இல்லாததற்கு ஒப்பாக உயர்த்தி வைக்கப்படுகிறது. ஆகவே இங்கு இடையூறு நேர்வது இப்போது அரிது.

அடுத்தவை ஒவ்வொரு நிரலுக்கும் உரிய இரண்டு எல்லைகள். ஒன்று மென்னெல்லை, நடைமுறையில் செயற்படுவது இதுவே. மற்றொன்று வன்னெல்லை, நிரல் தன் மென்னெல்லையைத் தானே உயர்த்திக்கொள்ளலாம், ஆனால் வன்னெல்லையைத் தாண்டலாகாது. வன்னெல்லையை உயர்த்த முதன்மைப் பயனருக்கே அதிகாரமுண்டு. மேற்கூறிய 240ஆம் பதிப்பு வன்னெல்லையை 5,24,288 ஆக்கிற்று. மென்னெல்லையை, முன்னர்க் கண்ட செலக்ட் முறையைக் கருதி, 1,024 ஆகவே விட்டது.

கடைசியாக, நிரலின் சொந்த அமைப்பு. என்ஜின்எக்ஸில் ஒரு பணியாள் எத்தனை இணைப்புகளை ஏற்கலாம் என்பதற்கு ஒரு தனி வரி உண்டு. மரியாடிபி போன்ற தரவுத்தளங்களிலும் திறந்த கோப்பு எல்லைக்கென ஒரு வரி உண்டு. மேலே எவ்வளவு உயர்த்தினாலும் இங்கு 512 என்றிருந்தால் 512தான்.

மாற்றம் செய்வோர் பெரிதும் இடறுவது ஓரிடத்தில். ஈடிசி அடைவிலுள்ள செக்யூரிட்டி என்னும் உள்ளடைவில் லிமிட்ஸ்.கான்ஃப் என்றொரு கோப்பு உண்டு. பழைய நூல்கள் அனைத்தும் அதில் எண்ணை மாற்றுமாறு கூறுகின்றன. அக்கோப்பு, பயனர் ஒருவர் உள்நுழையும்போது மட்டுமே படிக்கப்படுகிறது. கணிப்பொறி தொடங்கும்போது தானாகவே இயங்கும் சர்வர் நிரல்கள் உள்நுழைவதில்லை. சிஸ்டம்டி அவற்றை நேரே தொடங்கிவைக்கிறது. ஆதலின் அவற்றுக்கு அக்கோப்பிலுள்ள எண் எட்டுவதேயில்லை. அவற்றின் பணிக் குறிப்பிலேயே லிமிட்நோஃபைல் என்னும் வரியை எழுதி, சிஸ்டம்டியை மறுபடி படிக்கச் செய்து, நிரலை நிறுத்தித் தொடங்கவேண்டும். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பது பிறந்தபோது பெற்ற எல்லையையே கொண்டிருக்கும்.

மாற்றியபின் அது நிரலைச் சென்றடைந்ததா என்று பார்த்தல் இன்றியமையாதது. புரொக் அடைவில் அந்நிரலுக்குரிய உள்ளடைவில் லிமிட்ஸ் என்னும் கோப்பைத் திறந்தால், திறந்த கோப்புகளுக்கான வரியில் மென்னெல்லையும் வன்னெல்லையும் அடுத்தடுத்துக் காணப்படும். நாம் எழுதிய எண் அங்கில்லையாயின், நாம் செய்தது வீண்.

எல்லையே வேண்டா என்போர்

சிலர், கணக்கிடும் தொல்லை எதற்கென்று 'வரம்பிலி' என்று எழுதிவிடுகின்றனர். இது சோம்பலால் வருவது, நல்ல பழக்கமன்று. கொள்கலன் முறையில் நிரல்களை இயக்கும் ஏற்பாடுகளில் ஒரு காலத்தில் இவ்வாறே வைக்கப்பட்டிருந்தது. எல்லை நூறு கோடிக்கு மேற்பட்ட எண்ணாயிற்று. சில நிரல்கள் கிளை நிரலைத் தொடங்குமுன், திறந்திருக்கக்கூடிய எல்லாப் பிடி எண்களையும் 3 முதல் எல்லைவரை ஒவ்வொன்றாக மூடிப்பார்க்கும் வழக்கமுடையவை. 1,024 வரை மூடுவது கண்ணிமைக்கும் வேலை. நூறு கோடி வரை மூடுவதற்குள் நிமிடங்கள் கழிந்துவிடும். அதுவரை கணிப்பொறி கொதித்துக்கொண்டிருக்கும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் 5.7ஆம் பதிப்போ, எல்லைக்கேற்ப முன்கூட்டியே அட்டவணைக்கு இடம் ஒதுக்குவதால், ஒரு வேலையும் தொடங்குமுன்னரே பல ஜிகாபைட் நினைவகத்தை விழுங்கிற்று.

எல்லைகளைப் பற்றி அறியாதிருத்தல் பெரிய நிறுவனங்களையும் இடறச் செய்வதுண்டு. 2020ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் அமேசானின் கினிசிஸ் என்னும் சேவை அமெரிக்கக் கீழ்க்கரைப் பகுதியில் நெடுநேரம் தடைப்பட்டது. அங்கு தீர்ந்துபோனது பிடி எண் அன்று, இழை எனப்படும் வேறொரு வளம். அதன் முன்னணி சர்வர்கள் ஒவ்வொன்றும் தன் கூட்டத்திலுள்ள மற்ற சர்வர் ஒவ்வொன்றுக்கும் ஓர் இழையை வைத்திருந்தன. வேலைப்பளுவைத் தாங்குவதற்காகப் புதிய சர்வர்கள் சேர்க்கப்பட்டன. சேர்த்ததனாலேயே எல்லாச் சர்வர்களிலும் இழைகளின் தொகை இயக்க முறைமை அனுமதித்த எல்லையைத் தாண்டியது.

ஆய்வுக்கூடப் பயிற்சி

கேரளப் பள்ளிகளில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், 2017 முதல் அதன் தொடர்ச்சியான கைட் நிறுவனமும் லினக்ஸ் கணிப்பொறிகளையே வழங்கியுள்ளமையால், மேற்கூறியவற்றை மாணவர் தம் ஆய்வுக்கூடத்திலேயே சோதித்தறியலாம். தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. முனையத்தைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் யூலிமிட் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் என் என்னும் எழுத்தும் அடிக்க, மென்னெல்லை திரையில் தோன்றும். பெரும்பாலும் அது 1,024 ஆகவே இருக்கும்.

பின்னர்ப் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதச் சொல்லவேண்டும். ஒரே கோப்பை மீண்டும் மீண்டும் திறந்து, திறந்த ஒவ்வொன்றையும் ஒரு பட்டியலில் சேர்த்து, எத்தனையாவது என்பதை அச்சிட்டுக்கொண்டே போகட்டும். 1,021ஐ அடுத்தோ, ஓரிரண்டு முன்னதாகவோ நிரல் 24ஆம் பிழையைக் கூறி நிற்கும். மூன்று ஏன் குறைந்தது என்று மாணவரையே கேட்கலாம். 0, 1, 2 ஆகிய எண்களை அவர்கள் நினைவுகூரவேண்டும். அடுத்து, பட்டியலில் சேர்க்கும் வரியை மட்டும் நீக்கிவிட்டு அதே நிரலை மறுபடி இயக்கினால், எண்ணிக்கை 1,021ஐக் கடந்து, நாம் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டேயிருக்கும். பட்டியலில் இல்லாத கோப்பைப் பைத்தான் தானே மூடிவிடுவதால், ஓரிரு பிடி எண்களே திரும்பத் திரும்பக் கைமாறுகின்றன.